இழுத்துக் கட்டிய நூல்

எங்கள் அப்பா போட்ட தரை ஒன்றில்கூடக் கோடு கோணியதில்லை. நான் போட்டதிலும் கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். டைல்ஸ் பதிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் குடும்பத்தின் மூத்தவன் வாசலில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கோடுகளைக் கடைசிச் சுவர்வரை பார்த்துவிட்டு எழுந்தால்தான் வீட்டுக்காரர் உள்ளே காலை வைக்கலாம் என்று முறை வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான். அதற்குப் படுத்துப் பார்ப்பது என்று பெயர். அப்பா தொடங்கி வைத்தார். அவருக்குப் பிறகு நான். எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, "நடங்க" என்று ஒரு சொல் சொல்வேன். அதுவரை எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியில்தான் நிற்க வேண்டும்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் சொல் சுத்தமாக இருக்க வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன் மகளுக்கு வரன் பேச வந்தபோது, "எங்க குடும்பத்துல யாருக்கும் எந்த வியாதியும் கிடையாது" என்று சபையில் சொன்னேன். சொல்லி எட்டு நாள்கூட ஆகவில்லை. காலில் பட்ட காயம் ஆறவில்லையே என்று போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை இருக்கிறது என்றார்கள். சொன்ன சொல்லை மாற்றுவதா, சர்க்கரையை மறைப்பதா? மறைத்தேன். காலியான ஒரு டைல்ஸ் கலவை டப்பாவுக்குள் மாத்திரைகளைப் போட்டு, வேலைச் சாமான்களோடு வைத்தேன். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஆள் இருக்கும் நாட்களில் மாத்திரை போடுவதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டுங்கள் என்று அப்போதே சொன்னார்கள். நாற்பதடி தூரத்தில் ஒரு மயிரிழை இடைவெளியைக் கண்டுபிடிக்கிறவனிடம் கண்ணைக் காட்டு என்றால் சிரிப்புத்தானே வரும். சிரித்தேன்.

எங்கள் ஊர்த் தையல்காரம்மா பெரிய கூடம் ஒன்று கட்டினார். எட்டுப் பெண்கள் அவரிடம் வேலை செய்கிறார்கள். துணியைத் தரையில் விரித்து வெட்டுவதற்கென்றே கட்டிய கூடம். நாற்பதடி நீளம், இரண்டு பக்கமும் ஜன்னல், வெள்ளை டைல்ஸ். இணைப்புக் கோடுகளை அளவுகோலாக வைத்துத்தான் வெட்டப் போவதாகவும், ஒரு கோடு விலகினால் நூறு சட்டை விலகிப்போகும் என்றும் முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. அதனால் தம்பி தனியாளாக ஒன்பது நாளில் போட்டு முடித்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அதிகம் பேசமாட்டான். ரப்பர் சுத்தியலால் தட்டும்போது மட்டும் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பான்.

பத்தாம் நாள் காலையில் போய்ப் படுத்தேன். தையல்காரம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். கன்னத்தில் தரையின் குளிர்ச்சி ஏறியது. இடது கண்ணை மூடினேன். கோடுகள் என் மூக்கு நுனியிலிருந்து புறப்பட்டுக் கடைசிச் சுவரை நோக்கி ஓடின. ஓடியவை நடுவழியில் மெல்ல விலகின. தரைக்கு அடியில் யாரோ படுத்துத் தூங்குவது போலவும், அவர் மூச்சை உள்ளே இழுத்து விடாமல் வைத்திருப்பது போலவும் ஒரு மேடு. அதன்மேல் கோடுகள் இரண்டு பக்கமும் வளைந்து, தாண்டியதும் திரும்ப ஒன்றுசேர்ந்தன. வெள்ளை வெள்ளையாக இல்லை. பழைய பால்கண்ணாடி வழியாகப் பார்க்கும் நிறம். ஜன்னல் வெளிச்சம் அங்கே தண்ணீர் போல் தேங்கி நின்றது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஒரு நொடி எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

எழுந்தேன். சட்டையைத் தட்டவில்லை. மூன்றாவது ஜன்னலுக்கு நேராக இரண்டு வரிசையைப் பெயர்த்துத் திரும்பப் போடச் சொன்னேன். தம்பி என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். உளியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

மூன்று நாள் கழித்துத் திரும்பவும் படுத்தேன். மேடு அங்கேயே இருந்தது. அங்கேயே இல்லை, இன்னும் உள்ளே தள்ளி, தூணுக்குப் பக்கத்தில் இருந்தது. சொன்னேன்.

"அன்னிக்கு ஜன்னல் பக்கம்னீங்க. இன்னிக்குத் தூண் பக்கம்ங்கறீங்க" என்றான். "ரசமட்டம் வச்சுப் பாத்தேன். மூலைமட்டமும் வச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருக்குண்ணே."

முப்பது வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அதுவும் வெளியாள் முன்னால். அப்பா படுத்துப் பார்த்தபோது நான் ரசமட்டத்தைக் காட்டியதில்லை. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. தையல்காரம்மாவின் பக்கம் திரும்பி, நிதானமாகவே சொன்னேன்:

"இது எங்க குடும்பத்து வேலை இல்லைம்மா. இவன் வேலை. இனிமே இவன் எங்க பேரைச் சொல்லி யார் வீட்டுக்கும் வரமாட்டான்."

தம்பி ரப்பர் சுத்தியலைச் சுவரோரம் வைத்தான். கை கழுவினான். போய்விட்டான்.

நானே போட்டுக் காட்டுகிறேன் என்று தையல்காரம்மாவிடம் சொல்லி, மறுநாள் தனியாகப் போனேன். எங்கே பெயர்ப்பது என்று குறிக்க வேண்டும். இந்தச் சுவரில் ஓர் ஆணி, எதிர்ச் சுவரில் ஓர் ஆணி அடித்து, நடுவில் சிவப்பு நூலை இழுத்துக் கட்டினேன். விரலால் சுண்டினால் சத்தம் வரும் அளவுக்கு இழுத்தேன். பிறகு முழங்காலைக் கெஞ்சிக் கெஞ்சி மடக்கி, வாசலில் படுத்தேன். இடது கண்ணை மூடினேன்.

நூல் வளைந்திருந்தது.

காற்றில் ஆடவில்லை, தொய்யவும் இல்லை. நடுவில் ஒரு சின்னக் குளத்தைச் சுற்றிக்கொண்டு போகிற பாதை போல அமைதியாக வளைந்து போனது. பார்வையைத் தூணுக்கு நகர்த்தினேன். வளைவு தூணுக்கு நகர்ந்தது. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். கூடவே வந்தது. கண்ணாடித் தொட்டியில் விரல் போகும் பக்கமெல்லாம் வரும் மீன் போல, நான் பார்க்கிற இடத்துக்கெல்லாம் வந்தது. வலது கண்ணை மூடி இடது கண்ணைத் திறந்தேன். நூல் நேரானது. கோடுகள் எல்லாம் நேராயின. நாற்பதடியும் ஒரே வீச்சில், அப்பாவே வந்து போட்டது போலக் கிடந்தது தரை.

வேலைக்காரனுக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. இழுத்துக் கட்டிய நூல் வளையாது. உலகத்தில் வேறு எது வளைந்தாலும் அது வளையாது.

 கன்னத்துக்கடியில் தரை சூடாகும்வரை அப்படியே கிடந்தேன். தையல்காரம்மா வந்து கேட்டபோது, இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லி நூலை அவிழ்த்துச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வீட்டில் மனைவியை எதிரில் உட்காரச் சொல்லி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். இரண்டு காது இருந்தன, தலைமுடி இருந்தது, நடுவில் முகம் ஈரத்துணியால் துடைத்தது போல மங்கிக் கிடந்தது. உன் முகம் சரியாகத் தெரியவில்லை என்றேன்.

"முப்பத்தஞ்சு வருஷமா ஒழுங்காப் பாத்திருந்தாத்தானே இப்ப வித்தியாசம் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள். மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அவள்தான்.

பெயர் எழுதுகிற இடத்தில் இருந்த சின்னப் பெண் யாருக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மனைவியைக் காட்டினேன்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தாம்மா தெரியுது. இவரைக் கட்டிக்கிட்ட அன்னிக்கு மட்டும்தான் கொஞ்சம் மங்கல்" என்று அவள் அந்தப் பெண்ணிடம் சொல்ல, அது சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதியது.

சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே உலகம் பாலாகக் கரைந்தது. நடந்து போகிறவர்களுக்கு ஓரம் இல்லை. மரமும் சுவரும் ஒன்றுக்குள் ஒன்று ஊறின. இத்தனை வருஷமாக ஓரங்களை நேராக்கிச் சம்பாதித்தவன் நான். ஓரமே இல்லாத உலகத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஓர் இயந்திரத்தில் மோவாயை வைத்து, உள்ளே தெரியும் பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். வலியில்லை, தொடவும் இல்லை. புள்ளி தூரத்து விளக்கு போல நடுங்கியது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். கண்ணின் பின்சுவரை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற படம். இடது கண்ணில் அடுக்கடுக்காக மட்டமான தளம், நடுவில் சின்னப் பள்ளம். பள்ளம் இருப்பதுதான் சரியாம், நேராகப் பார்ப்பதும் படிப்பதும் முகம் தெரிவதும் அந்த இடத்தால்தானாம். வலது கண்ணில் பள்ளம் இல்லை. மேடு. மேட்டுக்குள் கறுப்புக் கறுப்பாகச் சின்ன அறைகள், அறை முழுக்க நீர். நான் படுத்துப் பார்த்த அதே மேடு. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு தூங்கியது தரைக்கடியில் இல்லை, இங்கே.

"அடியில குழாய் கசியுது. மேல தரை உப்பிடுச்சு" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் எல்லாருக்கும் பத்து நிமிஷம் சொல்றதை ஒரு வரியில சொல்லிட்டீங்க ஐயா. சர்க்கரை ரொம்ப நாள் கூடவே இருந்ததால நுண்ணிய ரத்தக் குழாய்ங்க பலவீனமாகிக் கசியுது. எத்தனை வருஷமா சர்க்கரை?"

கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னேன். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டதற்கு, மேலே டைல்ஸை மாற்றுவது போல்தான் அது என்றார், என் பேச்சையே எனக்குத் திருப்பி. கசிவை நிறுத்தும் மருந்தை ஊசியாகக் கண்ணுக்குள்ளேயே போட வேண்டும். முதலில் மாதம் ஒன்று, சில மாதங்களுக்கு. பிறகு படம் எடுத்துப் பார்த்து இடைவெளியைக் கூட்டலாம். கூடவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய குழாய் திரும்பக் கசியும். இடது கண்ணிலும் சின்னச் சின்னக் கசிவுகள் தொடங்கியிருக்கின்றன, பார்வையைத் தொடவில்லை, கவனிக்க வேண்டும் என்றார்.

பழையபடி ஆகிவிடுமா என்று கேட்டேன்.

"நிறைய பேருக்குத் தேறுது. முழுசா வரும்னு வாக்கு குடுக்க மாட்டேன். விட்டா மோசமாகும், அது நிச்சயம்."

கொடுக்க முடியாத வாக்கைக் கொடுக்காத ஆளை எனக்குப் பிடிக்கும். சம்மதித்தேன்.

ஊசி என்றதும் மனைவி என் கையைப் பிடித்தாள். விட்டுவிட்டு நிமிர்ந்து நடந்து போனேன். அறைக்குள் போன பிறகு படுக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதை அவள் பார்க்கவில்லை. மரத்துப்போகச் சொட்டு விட்டார்கள், மருந்துத் தண்ணீரால் கழுவினார்கள், இமை மூடாமலிருக்கச் சின்னக் கவ்வி மாட்டினார்கள். மேலே பார்க்கச் சொன்னார் டாக்டர். ஓர் அழுத்தம். அவ்வளவுதான். கவ்வியை எடுத்ததும் கண்ணுக்குள் கீழ்ப்பக்கமாக மூன்று கறுப்பு மணிகள் உருண்டன. நான் தலையைச் சாய்த்தால் அவையும் சாய்ந்தன. மறுநாளைக்குள் போய்விடும், கண்ணைக் கசக்கக் கூடாது, வலியோ சிவப்போ கூடினால் உடனே ஓடி வர வேண்டும் என்றார்கள். அன்று தூக்கத்தில் அந்த மணிகள் முடிவில்லாத வெள்ளைத் தரையொன்றில் உருண்டுகொண்டே போயின. நான் பின்னாலேயே போனேன். எங்கும் சுவர் வரவில்லை.

கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். நடுவில் ஒரு புள்ளி. அதைத் தினமும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடுமாம். அதனால்தான் வீதியில் நடந்தபோதும் சாப்பிட்டபோதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒற்றைக் கண்ணால் பார்த்த ஒரே இடம் தம்பி போட்ட தரை. தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன், வருகிறவர்கள் பார்க்காதபடி.

மூன்று வாரம் போனது. தையல்காரம்மா கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காத்திருந்தார். நான் "நடங்க" என்று சொல்லவில்லையே. அவருடைய தையல் இயந்திரங்கள் நடைபாதையில் சாக்குப் போர்த்திக் கிடந்தன. தம்பியிடம் வேலை பேசியிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள், பெரியவர் வந்து பார்த்த பிறகு யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவன் எங்கோ மூட்டை தூக்கப் போகிறானாம். மனைவிதான் சொன்னாள். நான் அலமாரியைத் திறந்து, கண்ணைப் பொத்திக் கட்டத்தைப் பார்த்தேன்.

"நல்லாப் பாருங்க" என்றாள் பின்னாலிருந்து. "உங்க சர்க்கரையை மூடி வைக்க அவன் பேரையில்ல எடுத்துப் போத்தியிருக்கீங்க."

இந்த வீட்டில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கட்டத்தின் கோடுகள் நடுவில் விலகி, யாருக்கோ வழிவிடுவது போல நின்றன.

இரண்டாவது ஊசி போட்ட நாலாம் நாள் தம்பியையும் தையல்காரம்மாவையும் கூடத்துக்கு வரச் சொன்னேன். தம்பி வாசலைத் தாண்டாமல் நின்றான். தோள்பட்டையில் மூட்டை உரசிய தடம் சிவந்திருந்தது. நான் கீழே குனிந்து, படுத்து, இடது கண்ணை மூடினேன். மேடு முன்பைவிடச் சின்னதாகியிருந்தது. அடியில் இருந்தவர் பாதி மூச்சை விட்டிருந்தார். ஆனால் மேடு இருந்தது.

"எனக்கு இப்பவும் வளைஞ்சுதான் தெரியுது" என்றேன். பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்துத் தம்பியிடம் நீட்டினேன். "கட்டு."

கட்டினான். சுண்டிப் பார்த்தான். சத்தம் வந்தது.

"நூலும் வளையுது" என்றேன், படுத்தபடியே. எழுந்து நின்று சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. "அம்மா, தரை நேரா இருக்கு. முதல் நாளே நேராத்தான் இருந்துச்சு. கோணினது என் கண்ணு. சர்க்கரை. பதினோரு வருஷமா இருக்கு. சபையில இல்லைன்னு சொல்லிட்டு ஒளிச்சு வச்சிருந்தேன். இவன் வேலையை எங்க குடும்பத்து வேலை இல்லைன்னு சொன்னேன். எங்க குடும்பத்துலயே சுத்தமான வேலை இதுதான். கேக்கறவங்ககிட்ட எல்லாம் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

 தையல்காரம்மா ஒரு செருப்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

தம்பி வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தான்.

"சர்க்கரை தெரியும்ணே" என்றான். "கலவை டப்பாவுக்குள்ள மாத்திரை வச்சா, கலவை எடுக்கறவனுக்குத் தெரியாதா? கண்ணுக்கு இப்படி ஆகும்னுதான் தெரியல."

"தெரிஞ்சு ஏன்டா ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீங்க மறைச்சு வச்சதை நான் எப்படி எடுத்து வெளிய வைக்கிறது. ஒருநாள் டப்பா மழையில நனைஞ்சுது. மாத்திரையெல்லாம் காய வச்சு அப்படியே திரும்ப அடுக்கினேன். நீங்க கவனிக்கல."

 ஜன்னல் வெளிச்சம் தரையில் நீளமாகக் கிடந்தது. நேரான தரை என்று தெரிந்தும் நான் சொன்னதற்காக இரண்டு வரிசையைப் பெயர்த்து அதே மட்டத்தில் அவன் திரும்பப் போட்டிருக்கிறான். தரை போடுவதில் அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

"நீ படு" என்றேன்.

அவன் அசையவில்லை. நான் இருக்கும்போது அவன் படுப்பதா என்ற தயக்கம். எங்கள் வீட்டில் அப்படி நடந்ததில்லை. கையைத் தரையில் ஊன்றி வாசலிலிருந்து நகர்ந்து அவனுக்கு இடம் விட்டேன். மெதுவாகப் படுத்தான். கன்னத்தை வைத்தான். இடது கண்ணை மூடினான்.

"பாத்துட்டியா? இப்ப அந்தக் கண்ணை மூடி இந்தக் கண்ணால பாரு. இனிமே முறை அதுதான். ரெண்டையும் தனித்தனியா."

பார்த்தான். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். தையல்காரம்மா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். நானும் அவருக்குப் பக்கத்தில் போய், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் முதல்முறை அந்தப் பக்கம் நின்றேன். காத்திருப்பது அவ்வளவு நீளமாக இருக்கும் என்று தெரியாது.

தம்பி எழுந்தான். சட்டையைத் தட்டினான்.

"நடங்க" என்றான்.

தையல்காரம்மா என்னை முன்னால் போகச் சொன்னார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டேன். வலது கண்ணோடும்தான் இனி இருக்கப் போகிறேன், பழகிக்கொள்ள வேண்டும். முதல் அடி வைக்கப் போன இடத்தில் தரை மெல்ல மேடாக எழுந்தது. கோடுகள் விலகி வளைந்து நின்றன. அதன்மேல் காலை வைத்தேன்.

மட்டமாக இருந்தது.